அளவெடுக்காமல் தைத்த சட்டை



சட்டை தைக்கத் துணியுடன் தையற்கடைக்குப் போகிறீர்கள். தையற்காரர் முதலில் என்ன செய்கிறார்? கழுத்தில் தொங்கும் நாடாவை எடுத்து உங்கள் தோளையும் மார்பையும் கையையும் அளக்கிறார். அளவுகளை நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுகிறார். அப்படி அளக்காமல், "உங்கள் வயது என்ன? என்ன வேலை செய்கிறீர்கள்? பழைய சட்டை எங்காவது பிடிக்கிறதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்து, "இது உங்களுக்கென்றே தைத்தது" என்று நீட்டினால் வாங்குவீர்களா?

சட்டைக்கு இவ்வளவு யோசிக்கும் நாம், உடலுக்குள் போகும் மாத்திரைக்கு யோசிப்பதில்லை. "ஆளுக்கேற்ற சத்து மாத்திரை" என்னும் வணிகம் இப்போது பல நாடுகளில் நடக்கிறது. நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. நீரிழிவு, மூட்டுவலி, ஓயாத களைப்பு என்று நாட்பட்ட தொல்லை உடையவர்கள் கைப்பேசியில் சில கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். அவரவர் பெயர் அச்சிட்ட பொட்டலம் மாதந்தோறும் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இதைப்பற்றி என் கருத்தை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன். என்னை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி.

பெரியப்பாவின் கால்கள்

என் பெரியப்பா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சைவ உணவுக்காரர், பாலும் அவ்வளவாகச் சேர்க்கமாட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் என்னும் மாத்திரையைச் சாப்பிட்டு வருகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், "உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது, உடம்பு அசதியாகவும் இருக்கிறது" என்று சொல்லத் தொடங்கினார். யாரோ சொன்னதைக் கேட்டு அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினார். பொட்டலம் வந்தது. மேலே அவர் பெயர். உள்ளே வண்ண வண்ணமாக ஐந்து மாத்திரைகள். ஓராண்டு தவறாமல் சாப்பிட்டார்.

ஒருநாள் கடைத்தெருவிலிருந்து வீடு திரும்பியவரின் ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்று விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அன்று அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். வழக்கமான இரத்தச் சோதனையில் சிவப்பணுக்கள் ஏறக்குறையச் சரியாகவே இருந்தன. ஆனால் மருத்துவர் விடவில்லை. உணவு வழக்கத்தைக் கேட்டார். சாப்பிடும் மருந்தைக் கேட்டார். பிறகு இரத்தத்தில் பி-12 வைட்டமினின் அளவைச் சோதிக்கச் சொன்னார். அது மிகமிகக் குறைந்திருந்தது.

பி-12 ஊசி போடப்பட்டது. சில வாரங்களில் அசதி நீங்கியது. மாதங்கள் செல்லச்செல்ல நடை திருந்தியது. ஆனால் கால்விரல்களில் மரத்த உணர்வு இன்னும் இருக்கிறது. "ஓராண்டு முன்னால் வந்திருந்தால் இதுவும் சரியாகியிருக்கலாம்" என்றார் மருத்துவர்.

பொட்டலத்தை எடுத்துப் பார்த்தோம். இரும்புச்சத்து இருந்தது, ஃபோலிக் அமிலம் நிறைய இருந்தது, வேறு சில மூலிகைச் சாறுகளும் இருந்தன. அவருக்கு வேண்டிய பி-12 மட்டும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நரம்புகள் கெட்டுக்கொண்டிருந்தபோது இரத்தம் மட்டும் எப்படி நன்றாக இருந்தது? இதற்கு விடை காண ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஒரே தோற்றம், இரண்டு குறைகள்

லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே கர்ப்பிணிகள் பலர் கடுமையான இரத்தசோகையால் மடிந்துகொண்டிருந்தனர். அவர்கள் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், உருவில் வழக்கத்தைவிடப் பெருத்தும் காணப்பட்டன. வில்ஸ் பம்பாயில் மட்டுமின்றி நம் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்திலும், சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் ஆய்வுகள் செய்தார். ரொட்டியில் தடவிக்கொள்ளும் மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு இந்த நோயைக் குணமாக்குகிறது என்று கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த சத்து எது என்று அப்போது தெரியாது. 1941-இல் பசலை இனக் கீரை ஒன்றிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டபோது, 'இலை' என்னும் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறோர் இரத்தசோகையை ஆராய்ந்து வந்தனர். அதற்குக் 'கொடிய இரத்தசோகை' என்றே பெயர், வந்தவர் பிழைப்பதில்லை. அதிலும் சிவப்பணுக்கள் பெருத்தே இருந்தன. பாஸ்டன் நகர மருத்துவர்களான மைனாட்டும் மர்பியும், நாள்தோறும் ஏராளமாக ஈரல் உண்ணச் செய்தால் நோயாளி தேறுகிறார் என்று 1926-இல் அறிவித்தனர். முன்னோடி ஆய்வு செய்த விப்பிள் என்பவருடன் சேர்ந்து இவர்களுக்கு 1934-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த அந்தச் சத்துதான் 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி-12.

இரண்டு நோய்கள், நுண்ணோக்கியில் ஒரே தோற்றம். அப்படியானால் ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் என்ன? 1940-களில் ஃபோலிக் அமிலம் தொழிற்சாலையில் செய்யும் அளவுக்கு வந்தவுடன் கொடிய இரத்தசோகை நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் தேறியது! மருத்துவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் மாதங்கள் கழிந்தபோது அந்த நோயாளிகளில் சிலருக்குக் கால் மரத்தது, நடை தள்ளாடியது, நரம்புகள் கெட்டுக்கொண்டே போயின.

காரணம் இதுதான். ஓர் அணு இரண்டாகப் பிரியவேண்டுமானால் முதலில் தன் டி.என்.ஏ.வை இரண்டாக்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு ஃபோலிக் அமிலமும் பி-12-உம் தேவை. எந்த ஒன்று குறைந்தாலும் எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் பிரிய முடியாமல் பருத்துப்போகின்றன. ஃபோலிக் அமிலத்தை மிகுதியாகக் கொடுத்தால், பி-12 இல்லாமலே இந்த வேலை ஒருவாறு நடந்துவிடும். ஆனால் பி-12-க்கு இன்னொரு வேலையும் உண்டு. மின்கம்பியைச் சுற்றி ரப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழையைச் சுற்றி மையலின் என்னும் கொழுப்பு உறை இருக்கிறது. அதைக் காப்பதற்கு பி-12 வேண்டும். ஃபோலிக் அமிலத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. எனவே இரத்தத்தில் அபாய அறிவிப்பு மறைந்துபோக, நரம்பில் கேடு தொடர்கிறது.

பெரியப்பாவுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம் என்றார் மருத்துவர். பி-12-ஐ எந்தத் தாவரமும் உற்பத்தி செய்வதில்லை. செய்பவை சில பாக்டீரியாக்களே. நமக்கு அது பால், முட்டை, மீன், இறைச்சி வழியாகத்தான் வருகிறது. போதாததற்கு, மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொண்டால் பி-12 உடலில் சேருவது குறையக்கூடும். ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில ஆண்டுகள் குறை வெளியே தெரிவதில்லை. தெரியும்போது நாள் கடந்திருக்கும்.

ஆளுக்கேற்றது என்பது பொய்யா?

"அப்படியானால் ஆளுக்கேற்ற உணவு, ஆளுக்கேற்ற சத்து என்பதெல்லாம் ஏமாற்றுவேலையா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. மனிதர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். இஸ்ரேலிலுள்ள வைஸ்மன் ஆய்வு நிலையத்தார் 800 பேரை ஆராய்ந்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே உணவை உண்டபோதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. ஆனால் அவர்கள் இதைக் கேள்வித்தாளைக் கொண்டு மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவர் உடலிலும் கருவியைப் பொருத்தி ஒரு வாரம் ஓயாமல் அளந்தார்கள். பெரியப்பாவின் மருத்துவர் செய்ததும் அதுவே. உண்மையில் பெரியப்பாவுக்கு முதன்முதலாகக் கிடைத்த 'ஆளுக்கேற்ற சத்து' அந்த பி-12 ஊசிதான்!

ஆகவே நான் எதிர்ப்பது ஆளுக்கேற்றது என்னும் கருத்தை அன்று. அளக்காமலே அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதைத்தான்.

2006-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் இதைச் சுவையான முறையில் சோதித்துப் பார்த்தது. கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்த மாதிரியை அனுப்பினால் மரபணுவை ஆராய்ந்து அறிவுரை தருவதாகச் சொன்ன நான்கு இணையக் கடைகளை அது தேர்ந்தெடுத்தது. ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றின் மாதிரியையும், 48 வயது ஆண் ஒருவரின் மாதிரியையும் எடுத்து, பதினான்கு கற்பனை மனிதர்களின் பெயரில் அனுப்பியது. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வயதையும் வாழ்க்கை வழக்கத்தையும் கேள்வித்தாளில் எழுதியது. அவற்றில் பன்னிரண்டு மாதிரிகள் அந்த ஒரே குழந்தையுடையவை. ஒரே மரபணுவுக்கு ஒரே அறிவுரைதானே வரவேண்டும்? வந்தவையோ கேள்வித்தாளில் எழுதிய கற்பனைக்கேற்ப மாறியிருந்தன! ஒரு கடை, ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 டாலர் விலையில் 'உங்களுக்கென்றே' சத்து மாத்திரைகளைப் பரிந்துரைத்தது. அவற்றிலிருந்த பொருள்களோ, சாதாரணக் கடையில் ஆண்டுக்கு 35 டாலருக்குக் கிடைக்கும் வைட்டமின் மாத்திரைகளை ஒத்திருந்தன.

கூடினால் நல்லதுதானே?

"குறை இருந்தால் தீரட்டும், இல்லாவிட்டால் சத்து கூடட்டும். என்ன கெட்டுவிடப்போகிறது?" என்பது பலர் சொல்லும் சமாதானம். இதற்கு ஃபின்லாந்து நாட்டில் கிடைத்த விடையை நீங்கள் அறியவேண்டும்.

கேரட்டுக்கு நிறம் தரும் பொருள் பீட்டா கரோட்டின். காய்கனிகளை நிறைய உண்டு, இரத்தத்தில் இப்பொருளை மிகுதியாக உடையவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியிருந்தன. அப்படியானால் அதை மாத்திரையாகக் கொடுக்கலாமே! புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஃபின்லாந்தில் சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். மற்றவர்களுக்கு அது இல்லாத, பார்வைக்கு அதே போன்ற மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது எல்லாரும் திகைத்தனர். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகவே வந்திருந்தது! இதேபோன்ற ஓர் அமெரிக்கச் சோதனையும் 1996-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. அங்கே அது 28 சதவீதம் அதிகம்.

இதனால் கேரட்டைக் கண்டு அஞ்சவேண்டாம். உணவில் பல பொருள்களுடன் கலந்து சிறிதளவில் வரும் ஒன்று, தனியே பிரித்துப் பேரளவில் கொடுக்கும்போது வேறுவிதமாக நடந்துகொள்ளலாம் என்பதே பாடம். வைட்டமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைட்டமின் ஏ மிகுந்தால் ஈரலுக்குக் கேடு.

நாட்பட்ட நோயாளிக்கு இன்னொரு இடரும் உண்டு. அவர் ஏற்கெனவே வேறு மருந்து சாப்பிடுகிறவர். தைராய்டு மாத்திரையுடன் இரும்பு அல்லது கால்சியம் மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வைட்டமின் கே மாத்திரை எடுத்தால் மருந்தின் வேலை குன்றும். முடி வளரவென்று விற்கும் பயோட்டின் சில இரத்தச் சோதனைகளின் முடிவையே தவறாகக் காட்டச் செய்யும். அளவெடுக்கும் நாடாவையே கோணலாக்கும் சத்து அது!

"எனக்குக் குணமாயிற்றே!"

விளம்பரங்களில் ஒருவர் தோன்றி, "மூன்று மாதத்தில் என் மூட்டுவலி குறைந்தது" என்கிறார். அவர் பொய் சொல்லவேண்டியதில்லை. நாட்பட்ட நோய்கள் பல கடலலைபோல் ஏறியும் இறங்கியும் வருபவை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய மருந்தைத் தேடுகிறோம். அதன்பின் அது தானாகவே சற்று இறங்கும்போது, புகழ் மாத்திரைக்குப் போகிறது. பெரியப்பாவும் முதல் இரண்டு மாதங்கள், "கொஞ்சம் தேவலை" என்றுதான் சொன்னார்.

இந்த மயக்கத்திலிருந்து விடுபட ஒப்பீடு ஒன்றே வழி. 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகை மருந்துகளைக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் விரைந்து தேறினர். மற்ற பத்துப்பேரும் இல்லாதிருந்தால் அந்த இருவரின் குணம் எதையும் மெய்ப்பித்திருக்காது.

நீல மாத்திரையை என்ன செய்வது?

இதைப் படித்துவிட்டு, பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்! அதில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. உங்கள் பெயர் அதன்மேல் அச்சிடப்படவில்லை. எல்லாருக்கும் ஒரே மாத்திரைதான். ஆயினும் அது அளந்து கொடுக்கப்படுவது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் வீடு வீடாகச் சென்று இரத்தத்தைச் சோதித்தபோது, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. குறை என்ன என்று தெரியும். கொடுக்கும் அளவு தெரியும். வாரம் ஒன்று என்னும் கணக்கும் தெரியும். இரத்த நோய் ஏதும் உடையவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவேண்டும்.

பெயரில்லாத இந்த மாத்திரை, பெயர் அச்சிட்ட அந்தப் பொட்டலத்தைவிட அறிவியலுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

நீங்கள் கேட்கவேண்டியவை

உங்கள் வீட்டிலும் நாட்பட்ட நோயுடன் வாழும் ஒருவர் இருக்கலாம். தாத்தாவோ அத்தையோ ஒரு சத்துப் பொட்டலத்தை நம்பிக்கையுடன் கையில் வைத்திருக்கலாம். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமப்பவர்கள் எந்தக் கிளையையும் பற்றத்தான் செய்வார்கள். அருகில் உட்கார்ந்து, இந்த நான்கு கேள்விகளைச் சேர்ந்து கேட்டுப் பாருங்கள்:

இது எந்தக் குறையைத் தீர்ப்பதற்கு? அந்தக் குறை இருப்பதை எந்தச் சோதனையால் அளந்தார்கள்? எவ்வளவு, எத்தனை நாளைக்குச் சாப்பிடவேண்டும்? குறை தீர்ந்ததா என்று மறுபடி எப்போது, யார் அளப்பார்கள்?

விடை கிடைக்காவிட்டால் பொட்டலத்தைத் தூக்கி எறிந்து சண்டைக்குப் போகவேண்டாம். மேலுறையில் உள்ள பொருள்களின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது, வழக்கமான மருந்துச் சீட்டுடன் அதையும் காட்டச் சொல்லுங்கள். வழக்கமான மருந்தைத் தாமாக நிறுத்த மட்டும் ஒருபோதும் விடாதீர்கள்.

பெரியப்பா பொட்டலங்களுக்கு ஓராண்டில் செலவிட்ட பணத்தில் அந்த இரத்தச் சோதனையைப் பல முறை செய்திருக்கலாம். இப்போது அவர் பி-12 ஊசியைக் காலந்தவறாமல் போட்டுக்கொள்கிறார். வீட்டுக்குள்ளும் செருப்பணிந்தே நடக்கிறார். காலில் முள் தைத்தாலும் தெரியாது என்பதால், இரவு படுக்குமுன் பேத்தி டார்ச் விளக்குடன் அவர் உள்ளங்காலைப் பார்க்கிறாள். அவளும் உங்களைப்போல் ஒன்பதாம் வகுப்பில் படிப்பவள்தான். அன்றைக்கு அந்தக் கேள்விகளைக் கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றட்டும்.